ஆளுக்கு ஒரு நிமிடம்தான்... வகுப்பறையின் இந்தக் கணக்கை மாற்றுமா டிஜிட்டல் மொழி ஆய்வகம்?

ஒரு வகுப்பில் 40 மாணவர்கள். ஒரு பாடவேளை 40 நிமிடம். ஆசிரியர் வாயே திறக்காமல் முழு நேரத்தையும் மாணவர்களுக்கே விட்டுக்கொடுத்தாலும், ஒருவருக்கு ஆங்கிலத்தில் பேசக் கிடைப்பது ஒரே ஒரு நிமிடம்தான். வருகைப்பதிவு எடுத்து, பாடம் நடத்தி, கேள்வி பதில் எழுதிப்போட்ட பிறகு மிஞ்சுவது சில விநாடிகள். பல மாணவர்களுக்கு அதுவும் கிடையாது.

12 வருடம் ஆங்கிலம் படித்திருப்பார்கள். மதிப்பெண்ணும் நன்றாகவே இருக்கும். ஆனால், வேலைக்கான நேர்முகத் தேர்வில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். படித்ததெல்லாம் எழுதுவதற்காக. பேசிப் பார்க்க இடமே கிடைத்ததில்லை. நீச்சலைப் புத்தகத்தில் படித்துவிட்டுக் கிணற்றில் குதிப்பதைப் போலத்தான் இது.

இந்தக் கணக்கை மாற்றுவதற்காக உருவானதுதான் மொழி ஆய்வகம். பள்ளி, கல்லூரி வட்டாரத்தில் 'லாங்குவேஜ் லேப்'. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம்; ஒருவர் குரல் இன்னொருவருக்கு இடைஞ்சலாக இருக்காது என்பதுதான் அதன் அடிப்படை. டேப்பும் ஹெட்போனுமாக இருந்த அந்த லேப், இப்போது செல்போனுக்குள்ளும் செயற்கை நுண்ணறிவுக்குள்ளும் நுழைந்துவிட்டது. இதனால் நம் பிள்ளைகள் உண்மையிலேயே பேசக் கற்றுக்கொள்வார்களா?

ஸ்புட்னிக் போட்ட விதை!

மொழி கற்க இயந்திரத்தைப் பயன்படுத்தும் யோசனை புதிதல்ல. எடிசன் 1877-ல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த சில பத்தாண்டுகளிலேயே மொழிப்பாடங்களை ஒலிப்பதிவு செய்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வகையில் லண்டனில் 1901-ல் தொடங்கப்பட்ட 'லிங்குவாஃபோன்' நிறுவனம் பிரபலமானது.

ஆனால், மொழி ஆய்வகத்துக்குப் பெரும் பணம் வந்தது ஒரு விண்வெளிச் சம்பவத்துக்குப் பிறகுதான். 1957 அக்டோபர் 4-ம் தேதி சோவியத் யூனியன் 'ஸ்புட்னிக்' செயற்கைக்கோளை ஏவியது. அமெரிக்கா அதிர்ந்துபோனது. கணிதம், அறிவியலோடு அயல்மொழிகளிலும் தன் மாணவர்கள் பின்தங்கியிருப்பதாக நினைத்து, மறு வருடமே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் நிதியில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் மொழி ஆய்வகங்கள் முளைத்தன.

வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு மாணவர், ஒரு ஹெட்போன், ஒரு மைக். டேப்பில் ஒரு வாக்கியம் ஓடும். மாணவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு சரியான உச்சரிப்பு மறுபடி ஒலிக்கும். ஆசிரியர் தன் மேஜையில் இருக்கும் கன்சோலில் சுவிட்சைத் தட்டி, யார் பேசுவதை வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்டுத் திருத்தலாம்.

இந்தியாவிலும் இதற்கான நிறுவனங்கள் அதே காலகட்டத்தில் உருவாகின. ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. இப்போது அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். இந்திய மொழிகளுக்கென 1969-ல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களுக்கோ, பாடத்திட்டத்திலேயே இடம்பெற்ற 'கம்யூனிகேஷன் லேப்' மூலமாகத்தான் இது பெரும்பாலும் அறிமுகமானது.

பூட்டிய அறை

டேப் லேப்பின் பொற்காலம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. கேட்பது, திருப்பிச் சொல்வது, மறுபடி கேட்பது என்று ஒரே செக்குமாட்டு வேலை. மாணவர்கள் சலித்துப்போனார்கள். இயந்திரங்கள் அடிக்கடி பழுதாயின.

அதைவிடப் பெரிய அடி, கோட்பாட்டில் விழுந்தது. 'மொழி என்பது பழக்கம். திரும்பத் திரும்பச் சொன்னால் வந்துவிடும்' என்ற எண்ணத்தின் மேல்தான் அந்த லேப்கள் கட்டப்பட்டிருந்தன. அந்தப் பார்வையை 1959-ல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி கடுமையாக விமர்சித்தார். இதுவரை கேட்டிராத வாக்கியத்தையும் மனிதர்கள் புதிதாக உருவாக்குகிறார்களே, அது வெறும் பழக்கமாக எப்படி இருக்க முடியும் என்பதுதான் வாதத்தின் சாரம். கிளிப்பிள்ளை போலச் சொல்லவைக்கும் லேப் மீதான நம்பிக்கை மெள்ளக் கரைந்தது. பல இடங்களில் லேப், பூட்டிய அறையானது.

டேப் லேப்பின் உண்மையான பலவீனம் வேறொன்று. அது பேசும், கேட்காது. மாணவர் தப்பாகச் சொன்னாலும் டேப் தன் பாட்டுக்கு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். ஆசிரியர் சுவிட்சைத் தட்டி ஒருவரைக் கவனிக்கும்போது, மீதி 39 பேரும் கேட்பாரற்றுப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இயந்திரத்துக்குக் காது முளைத்தது!

டிஜிட்டல் தொழில்நுட்பம் கொண்டுவந்த முக்கியமான மாற்றமே இதுதான். இப்போது இயந்திரமும் கேட்கிறது.

மாணவர் ஒரு வாக்கியத்தைப் படித்ததும், மென்பொருள் அந்த ஒலியை ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவிலான சின்னச் சின்னத் துண்டுகளாக அலசுகிறது. எந்த இடத்தில் எந்த ஒலி வந்திருக்க வேண்டும் என்பது அதற்கு முன்பே தெரியும். வந்த ஒலி, வரவேண்டிய ஒலியோடு எவ்வளவு பொருந்துகிறது என்று கணக்குப்போட்டு மதிப்பெண் தருகிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சில்க்கே விட், ஸ்டீவ் யங் இருவரும் 2000-ல் விளக்கிய 'உச்சரிப்பு மதிப்பீடு' முறை இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. திரையில் ஒரு சொல் பச்சையாகவும் இன்னொரு சொல் சிவப்பாகவும் தெரிவதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு ஓடுகிறது.

குரலைப் படமாகப் பார்க்கவும் முடியும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'ப்ராட்' என்ற இலவச மென்பொருளில், குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது கோடாக விழும். ஆசிரியரின் கோட்டையும் மாணவரின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், காதுக்குப் பிடிபடாத வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

பிறகு செல்போன் வந்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஃபான் ஆனும் செவரின் ஹேக்கரும் உருவாக்கிய 'டுவோலிங்கோ' 2012-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. மொழிப்பாடம், தினமும் ஆடும் விளையாட்டாக மாறியது. குழந்தைகள் சத்தம்போட்டுப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் 'போலோ' செயலியை கூகுள் 2019-ல் இந்தியாவில்தான் முதலில் வெளியிட்டது. மறு வருடம் 'ரீட் அலாங்' என்ற பெயரில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளோடு உலகம் முழுக்கப் போனது. 2023-ல் டுவோலிங்கோவே, மாணவரோடு உரையாடும் செயற்கை நுண்ணறிவு வசதியைக் கொண்டுவந்தது.

டேப் சொன்னதைத் திருப்பிச் சொல்வது பழைய லேப். 'நேத்து சாயங்காலம் என்ன செய்தாய்?' என்று கேட்டு, வரும் பதிலை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்பது புதிய லேப். சாம்ஸ்கி சொன்ன 'புதிய வாக்கியம்' இப்போதுதான் லேப்புக்குள் வருகிறது.

'கோட்' போட்டேனா, 'கோட்' மேய்த்தேனா?

தமிழ் பேசும் மாணவர்களுக்கு இது எங்கே உதவும்? ஒரு சின்ன சோதனை. உடுத்தும் 'கோட்', வெள்ளாட்டைக் குறிக்கும் 'கோட்' இரண்டையும் தமிழில் எழுதிப் பாருங்கள். ஒரே எழுத்துதான்! ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு ஒலி.

'கடல்' என்பதிலும் 'தங்கம்' என்பதிலும் 'பகல்' என்பதிலும் வருவது ஒரே 'க'. ஆனால், மூன்று இடத்திலும் ஒலி வேறு. சொல்லில் எங்கே வருகிறது என்பதைப் பார்த்து நம் நாக்கு தானாகவே மாற்றிக்கொள்கிறது. அதனால் அந்த வித்தியாசத்தைக் கவனிக்க நம் காது பழகவே இல்லை. 'பின்', 'டென்' போன்ற சொற்களிலும் இதே சிக்கல்தான். இது குறை அல்ல; தமிழின் ஒலி ஒழுங்கு அப்படி. ஆங்கிலத்துக்குக் காதைத் தனியாகப் பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, அழுத்தம். 'ஹோட்டல்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டாவது அசையில்தான் அழுத்தம் விழும். 'இன்ஜினீயர்' என்பதில் கடைசி அசையில். எழுத்து ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னாலும், அழுத்தம் இடம் மாறினால் வெளிநாட்டுக்காரருக்குச் சொல் பிடிபடாமல் போகும். புத்தகம் இதைச் சொல்லித்தர முடியாது. காதில் விழ வேண்டும், வாயில் வர வேண்டும், உடனே யாராவது திருத்த வேண்டும். லேப் தருவது அந்த மூன்றையும்தான்.

அரசுப் பள்ளிக்குள் வந்த லேப்

தமிழ்நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கணினி, இணைய வசதியோடு ஹைடெக் லேப்கள் அமைக்கப்பட்டன. அந்தக் கணினிகளையே பயன்படுத்தி, 6 முதல் 9-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் கேட்க, பேச, படிக்க, எழுதப் பயிற்சி தரும் 'மொழிகள்' திட்டத்தை 2023-ல் பள்ளிக் கல்வித்துறை முன்னெடுத்தது.

வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளைக்கு இதன் மதிப்பு மிகப் பெரியது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்ட முடிகிறவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் இடையிலான தூரம், பிற்காலத்தில் சம்பளத்தில் வந்து நிற்கிறது. பள்ளி நேரத்திலேயே, இலவசமாக, ஹெட்செட் மாட்டிப் பேசிப் பார்ப்பது அந்தத் தூரத்தைக் கொஞ்சமாவது குறைக்கும்.

ஆனால், கணினி வந்துவிட்டால் மட்டும் போதாது. 20 கணினி இருந்து 40 பேர் வந்தால் இரண்டு பேருக்கு ஒரு திரை. பேசும் நேரம் பாதியாகும். ஹெட்செட் வயர் அறுந்தால் மாற்ற வேண்டும். ஒரே அறையில் 20 பேர் பேசும்போது பக்கத்து மாணவரின் குரலும் மைக்கில் விழும். பாவம், சரியாகச் சொன்ன பிள்ளைக்குச் சிவப்பு விழும். பழைய லேப்பின் தடுப்புப் பலகைகளுக்கு ஒரு காரணம் இருந்தது. அதோடு, கணினிப் பாடம், ஆன்லைன் மதிப்பீடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே லேப் என்றால், மொழிப் பயிற்சிக்குரிய பாடவேளைதான் முதலில் காணாமல் போகும்.

சிரிக்காத தோழன்

பேசாமல் இருப்பதற்கு இலக்கணம் தெரியாதது மட்டுமே காரணமில்லை. தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற பயம் பெரிய காரணம். இந்தப் பதற்றத்தை அளக்க அமெரிக்க ஆய்வாளர் எலேன் ஹார்விட்ஸும் அவருடைய குழுவினரும் 1986-லேயே 33 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பதற்றமும் தாழ்வு மனப்பான்மையும் மொழியை உள்ளே விடாத தடுப்புச்சுவர் ஆகிவிடும் என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷனும் வாதிட்டார்.

இயந்திரம் சிரிக்காது. ஒரே சொல்லைப் பத்து முறை தப்பாகச் சொன்னாலும் சலித்துக்கொள்ளாது. பின்பெஞ்சில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் மாணவிக்கு இது பெரிய விடுதலை. தனியாகப் பேசிப் பழகிய துணிச்சல், பிறகு நாலு பேர் முன் பேசவும் கைகொடுக்கும்.

சிவப்பு விழுந்தால் தப்பா?

இங்கேதான் பெற்றோரும் ஆசிரியர்களும் கவனமாக இருக்க வேண்டும். மதிப்பெண் போடும் இயந்திரமும் தப்புச் செய்யும்.

எந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்ததோ, அந்தக் குரல்களைத்தான் மென்பொருள் நன்றாகப் புரிந்துகொள்ளும். 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் மென்பொருள்களைச் சோதித்தது. வெள்ளையர்கள் பேசியபோது 100 சொல்லுக்குச் சராசரியாக 19 தவறுகள். கறுப்பினத்தவர் பேசியபோது 35 தவறுகள். இருவரும் பேசியது ஆங்கிலம்தான், அதுவும் சொந்த மொழியாக! அப்படியென்றால், திருநெல்வேலியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ பேசும் 11 வயதுக் குழந்தையின் ஆங்கிலத்தை இயந்திரம் தவறாகக் கேட்பதற்கு எவ்வளவோ வாய்ப்பு உண்டு. குழந்தைகளின் குரல் உயர்ந்தது, பேச்சும் சீராக இராது. அதனால் பெரியவர்களின் குரலைவிட அதை அறிவது கடினம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. யாரைப்போலப் பேச வேண்டும்? லண்டன்காரரைப் போலவா, நியூயார்க்காரரைப் போலவா? மொழித்திறனை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஐரோப்பியக் கவுன்சிலின் அளவுகோல் 2018-ல் திருத்தப்பட்டது. அப்போது உச்சரிப்பு பற்றிய பகுதியில், தாய்மொழிக்காரரைப் போலப் பேசுவது என்ற இலக்கை விட்டுவிட்டு, கேட்பவருக்குப் புரியும்படி பேசுவதை முன்னே வைத்தார்கள். நம் சாயலோடு பேசலாம். எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டும். 'உன் உச்சரிப்பு 62 சதவிகிதம்' என்று திரை காட்டியதும் குழந்தை சுருங்கிப்போனால், எந்தப் பயத்தைப் போக்க லேப்புக்கு அனுப்பினோமோ, அதே பயத்தை லேப்பே உண்டாக்குகிறது என்று பொருள்.

குரலும் ஓர் அடையாளம்தான். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். குழந்தையின் குரல்பதிவு எங்கே போகிறது என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

தமிழுக்கும் உண்டு லேப்

மொழி ஆய்வகம் என்றாலே ஆங்கிலம் என்று நினைத்துக்கொள்கிறோம். வெளிநாட்டில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு இதே சிக்கல் தமிழில் இருக்கிறது. 'பள்ளி'யும் 'பல்லி'யும் அவர்கள் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கலாம். 'ழ' நாக்கில் நிற்காது. உலகெங்கும் உள்ள தமிழர்களுக்கு இணையவழியில் தமிழ் கற்றுத்தர, 2001-ல் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம்.

தமிழுக்கு இன்னொரு தனிச் சவால், எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம். செயலி 'நான் வருகிறேன்' என்று சொல்லித்தரும். பாட்டியோ போனில் 'வர்றேன்டா கண்ணு' என்பார். புத்தகத் தமிழை மட்டும் படித்த பேரனுக்குப் பாட்டியின் தமிழ் அயல்மொழியாகிவிடும். இதை உணர்ந்துதான் சிங்கப்பூரில் 2005-ல் நடந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் பேச்சுகளையெல்லாம் இயந்திரம் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், அதற்கு நம் குரல்கள் வேண்டும். இந்திய மொழிகளுக்கான பேச்சறியும் மென்பொருள்களை சென்னை ஐ.ஐ.டி-யின் 'ஏ.ஐ. ஃபார் பாரத்' குழு திறந்த முறையில் உருவாக்கி வருகிறது. 'மொஸில்லா'வின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் யார் வேண்டுமானாலும் தமிழில் படித்துக் குரல் கொடை தரலாம்.

வீட்டிலேயே ஒரு லேப்!

தனி அறையும் கட்டணமும் இல்லாமல், கையில் இருக்கும் போனை வைத்தே தொடங்கலாம்.

1. வாரம் ஒரு முறை ஏதாவது ஒரு விஷயம் பற்றி ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து முதல் பதிவைக் கேளுங்கள். எந்த மதிப்பெண்ணையும்விட இது நன்றாக வளர்ச்சியைக் காட்டும்.

2. பிடித்த வீடியோவில் ஒரு நிமிடப் பகுதியை எடுத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, பேசுபவரின் கூடவே பேசுங்கள். ஏற்ற இறக்கமும் அழுத்தமும் தானாகப் பழகும்.

3. கீபோர்டில் உள்ள வாய்ஸ் டைப்பிங்கில் மொழியை 'ஆங்கிலம் - இந்தியா' என்று வைத்துப் பேசிப் பாருங்கள். 'கோட்' என்ன ஆகிறது என்று தெரிந்துவிடும். தப்பாக விழுந்தால் அமைதியான இடத்தில் இன்னொரு முறை சோதியுங்கள். குற்றம் உங்கள்மேல் இல்லாமலும் இருக்கலாம்.

4. வசன வரிகளை மறைத்து ஒரு முறை, காட்டி ஒரு முறை பாருங்கள். முதலில் காது வேலை செய்ய வேண்டும்.

5. வாரம் ஒரு மணி நேரத்தைவிட, தினமும் 10 நிமிடம் நல்லது. இடைவெளி விட்டு, திரும்பத் திரும்பப் பழகுவதுதான் மனதில் தங்கும்.

6. செயலி மைக் அனுமதி கேட்டால், எதற்கு என்று படித்துவிட்டுக் கொடுங்கள். குழந்தையின் முழுப்பெயர், பள்ளி, முகவரியை உரையாடல் செயலிகளில் சொல்ல வேண்டாம் என்று பழக்குங்கள்.

லேப் கட்டணம் வாங்கும் பள்ளி என்றால் பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்கலாம். என் பிள்ளை வாரத்தில் எத்தனை நிமிடம் வாய்திறந்து பேசுகிறாள்? அவள் பதிவை எந்த ஆசிரியர் கேட்கிறார்? குரல்பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது? எத்தனை கணினி, எந்த சாஃப்ட்வேர் என்பதையெல்லாம்விட இந்தப் பதில்கள் முக்கியம்.

டீச்சருக்கு வேலை போய்விடுமா?

போகாது. சொல்லப்போனால், கூடுகிறது. 1965-ல் அமெரிக்காவில் 'மொழி ஆய்வக இயக்குநர்கள் சங்கம்' என்று தொடங்கிய அமைப்பு, இன்று 'மொழி கற்றல் தொழில்நுட்பச் சங்கம்' என்று பெயர் மாறிவிட்டது. அறையைப் பார்த்துக்கொள்வது வேலையாக இருந்த காலம் போய், கற்பதைப் பார்த்துக்கொள்வது வேலையாகிவிட்டது.

எந்த ஒலி பிசகுகிறது என்று இயந்திரம் சொல்லும். 40 பேரில் 25 பேருக்கு ஒரே இடத்தில் சிவப்பு விழுந்தால், நாளை வகுப்பில் எதை எடுக்க வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ஆனால், சத்தமாகப் படிப்பதில் 95 வாங்கிய மாணவன், 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்று கேட்டால் திணறுவதை ஆசிரியர்தான் கவனிக்க முடியும். அன்றைக்கு ஏன் அவன் பேசவே இல்லை என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

பயிற்சியை லேப்பில் முடித்துவிட்டு வந்தால், வகுப்பறையில் கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்தை உச்சரிப்பைத் திருத்தச் செலவிட வேண்டியதில்லை. மாணவர் தான் நினைத்ததைச் சொல்லலாம். நண்பனோடு மறுத்துப் பேசலாம். நிமிடம் கூடாது. ஆனால், அதன் மதிப்பு கூடும்.